நாலாவது வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடும் பெண்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும், உடல், அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணுக் கோளாறு) உள்ள குழந்தை. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது இதயத்தில் இருந்த ஓட்டைக்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது சிறப்புப் பள்ளிக்குப் போகிறாள். உயரம் 124 செ.மீ., எடை 47 கிலோ. எட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பள்ளியில் ‘தினமும் உடற்பயிற்சி கொடுங்கள்’ என்கிறார்கள். வாக்கிங் கூட்டிப்போனால் எங்கள் தெருவில் நாலாவது வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். எழுப்பவே முடிவதில்லை, தெருவே வேடிக்கை பார்க்கிறது. டிவியில் பாட்டுப் போட்டால் மட்டும் எழுந்து ஆடுவாள். ‘இதயத்தில் ஆபரேஷன் செய்த பிள்ளையை ஏன் இந்தப் பாடு படுத்துகிறாய்’ என்று மாமியார் கோபிக்கிறார். அவளுக்கு உடற்பயிற்சி கொடுக்கலாமா, எப்படிக் கொடுப்பது? உடம்பு நன்றாக வளைகிறது, யோகாவில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று விஷயங்களைச் சரிபார்த்துவிட வேண்டும். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் இதயம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறது. சிறுவயதிலேயே சரிசெய்யப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் ஓடி விளையாடித்தான் வளர்கிறார்கள். ஆனாலும் உங்கள் மகளுக்கு எது வரை போகலாம் என்பதைச் சொல்ல வேண்டியவர் அவளுடைய இதய மருத்துவர். கடைசியாக எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். அடுத்த முறை போகும்போது ‘நல்லா இருக்காளா’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ‘வேகமாக நடக்கலாமா, படியேறலாமா, ஓடலாமா, பளு தூக்கலாமா’ என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மாமியாரிடம் காட்டவும் அந்தச் சீட்டு உதவும். அவருடைய பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு மாதக் குழந்தையை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்த பாட்டிக்கு அந்தப் பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. டாக்டர் கைப்பட எழுதியதைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அடுத்தது கழுத்து. இதைப் பல வீடுகளில் சொல்லியே கொடுத்திருக்க மாட்டார்கள். டவுன் சிண்ட்ரோமில் மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்வாக இருக்கும். கழுத்தின் மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலும் இந்தத் தளர்வு இருந்தால், கழுத்து வேகமாக மடங்கும்போது தண்டுவடம் நசுங்கும் ஆபத்து சிலருக்கு உண்டு. அதனால் குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, தலையால் பந்தை முட்டுவது, தண்ணீரில் தலைகுப்புறக் குதிப்பது, டிராம்போலினில் எகிறுவது எல்லாம் வேண்டாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பின்னாளிலும் பிரச்சினை வரலாம். கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வழி. கழுத்து வலி, தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருப்பது, நன்றாக நடந்த பிள்ளை தடுமாறுவது, கையில் பிடித்த டம்ளரை நழுவ விடுவது, பழகியிருந்தும் திடீரென்று ஆடையிலேயே சிறுநீர் போவது – இவற்றில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் பயிற்சியை அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ‘அடம் பிடிக்கிறாள்’ என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள்.

மூன்றாவது தைராய்டு. இந்தப் பிள்ளைகளுக்குத் தைராய்டு குறைவது சகஜம். எடை ஏறும், சோர்வாக இருக்கும், நடக்கப் பிடிக்காது. வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் சொல்கிறேன். இரவில் குறட்டை விட்டு, மூச்சு விட்டுவிட்டு வருகிறதா என்பதையும் கவனியுங்கள். ராத்திரி சரியாகத் தூங்காத பிள்ளை பகலில் வாசற்படியில் உட்காரத்தான் செய்யும்.

சரி, இனி உடம்புக்கு வருவோம்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் இதய வலுவும் தசை வலுவும் அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருப்பது உண்மைதான். அதில் ஒரு பங்கு பிறப்பிலேயே வந்தது. டவுன் சிண்ட்ரோம் என்றால் தசை தளர்வு, தட்டையான பாதம் என்று காரணங்கள் இருக்கின்றன. மறுபங்கு நாமாகச் சேர்த்தது. மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது இவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம். தண்ணீர்ச் செம்பை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். பதினோரு வயதுப் பெண்ணுக்கு நாமே சட்டை மாட்டிவிடுகிறோம். பள்ளி வேன் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிடுகிறது. ஒரு நாளில் அந்த உடம்பு தானாக எத்தனை முறை குனிந்து நிமிர்ந்தது என்று எண்ணிப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். இந்த மறுபங்கைத்தான் நம்மால் மாற்ற முடியும். நான் பார்த்தவரை அது சின்னப் பங்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறப்புப் பள்ளியில் பிள்ளைகளின் தெம்பை அளக்கப் போயிருந்தேன். தரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று ஆறு நிமிடம் போய்வர வேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் முதல் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஓடினான், நின்றுவிட்டான். ‘ஓடு, ஓடு’ என்று கத்தினேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான். ‘தெம்பு மிகக் குறைவு’ என்று எழுதிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அங்கே வேலை பார்க்கும் ஆயாம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். கோட்டைத் தொட்டதும் ‘திரும்பு’ என்று தோளைத் தொட்டுத் திருப்பினார். மூன்றாவது முறையே கையை உதறிவிட்டு அவனாகத் திரும்பி ஓடினான். ஆறு நிமிடமும் ஓடினான். கோட்டைத் தொட்டால் திரும்ப வேண்டும் என்று முதல் நாள் அவனுக்கு யாரும் செய்து காட்டவே இல்லை. நான் காட்டியிருக்க வேண்டும். அப்போதிருந்து இரண்டு மூன்று நாள் அந்தப் பிள்ளைகளோடு அதையே விளையாட்டாக விளையாடாமல் எந்த எண்ணையும் ஃபைலில் எழுதுவதில்லை.

உங்கள் மகளின் நாலாவது வீட்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ‘வாக்கிங் போகலாம் வா’ என்றால் அவளுக்கு என்ன புரியும்? எங்கே போகிறோம், எப்போது முடியும், திரும்பி வருவோமா, ஒன்றும் தெரியாது. கால் வலிக்கிறது என்று சொல்லவும் வராது. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி உட்கார்ந்துவிடுவது.

முதலில் கால் வலியைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவந்திருக்கிறதா, கொப்பளம் இருக்கிறதா? ஹவாய் செருப்போடு கூட்டிப்போகிறீர்கள் என்றால் அதை மாற்றுங்கள். குதிகாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஒட்டுப்பட்டை வைத்த ஷூ வேண்டும். விலை உயர்ந்தது தேவையில்லை. பின்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தினால் மடங்காமல் இருந்தால் போதும். பாதம் ரொம்பவும் உள்பக்கம் சாய்ந்திருந்தால் உள்ளே வைக்கும் தாங்கி பற்றி எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள். அப்புறம், தொடை. கொஞ்சம் பருமனான பெண் பிள்ளைகளுக்குப் பாவாடையோ ஃபிராக்கோ போட்டு நடக்கும்போது தொடை உரசிப் புண்ணாகிவிடும். இதனாலேயே நடக்க மறுத்த இரண்டு பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே முட்டி வரை வரும் பருத்தி ஷார்ட்ஸ் போட்டு, கிளம்பும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது நடை. அவள் நாலாவது வீட்டில் உட்காருகிறாள் அல்லவா, நீங்கள் மூன்றாவது வீட்டிலேயே திரும்பிவிடுங்கள். அவள் உட்காருவதற்கு முன்பே நீங்கள் திரும்ப வேண்டும். ‘தொட்டாச்சு, வீட்டுக்குப் போலாம்’ என்று மூன்றாவது வீட்டுக் கம்பத்தையோ சுவரையோ அவள் கையால் தொடச் சொல்லித் திரும்புங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் அவளையே ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் இவ்வளவுதான். ‘இது ஒரு நடையா’ என்று உங்களுக்கே தோன்றும், பரவாயில்லை. அந்த ஒரு வாரத்தில், கிளம்பினால் திரும்பி வருவோம் என்று அவள் கற்றுக்கொள்கிறாள். இரண்டாவது வாரம் நாலாவது வீடு. பிறகு தெருமுனைக் கடை. அங்கே அவளுக்கு ஒரு வேலை இருக்கட்டும். காசைக் கொடுத்துக் கறிவேப்பிலை வாங்கி அவளே பையில் தூக்கி வரட்டும். சும்மா நடப்பதற்கும் ஒரு காரியமாகப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, நமக்கும் அப்படித்தானே? உங்கள் ஊரில் கோயிலுக்குக் குறைவில்லை. பிராகாரம் பிள்ளைகளுக்கு நல்ல நடைபாதை. வண்டி வராது, எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது அவள் கண்ணுக்கே தெரியும். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் கல் சுடாது.

அப்படியும் உட்கார்ந்துவிட்டால் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். அவளுக்குத் தோள்மூட்டும் தளர்வுதான், இழுத்தால் நழுவக்கூடும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றும் பேசாமல் பத்து எண்ணுங்கள். பிறகு ஒரே ஒரு வார்த்தை, ‘எழுந்திரு’. அதைச் சொல்லிவிட்டு மறுபடி பத்து எண்ணுங்கள். நாம் சொன்னது அவள் காதில் விழுந்து, புரிந்து, உடம்பு கிளம்ப நேரம் ஆகும். அதற்குள் நாம் நாலு தடவை வேறு வேறு வார்த்தையில் சொல்லிவிட்டால் அவள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தெரு பார்த்தால் பார்க்கட்டும். ஒரு மாதத்தில் அதே தெரு ‘என்னம்மா, கடைக்கா?’ என்று அவளிடம் கேட்கும்.

நடை ஒரு பக்கம்தான். உங்கள் மகளுக்கு அதைவிட முக்கியமாக நான் நினைப்பது தசை வலு. இங்கேதான் யோகா கேள்விக்கும் பதில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் காலை அகட்டி அப்படியே தரையோடு தரையாக மடங்குவதைப் பார்த்து ‘எவ்வளவு அழகா வளையுது’ என்று சொல்பவர்கள் உண்டு, மேடையில் ஆட வைப்பவர்களும் உண்டு. அந்த வளைவு பயிற்சியால் வந்ததில்லை, நார்களின் தளர்ச்சி. ஏற்கெனவே தளர்ந்த மூட்டை இன்னும் இழுத்து வளைப்பதால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள தசை கெட்டிப்பட வேண்டும், அதுதான் தேவை. யோகா வகுப்பில் சேர்ப்பதானால், நின்று செய்யும் ஆசனங்கள், ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம், மூச்சுப் பயிற்சி ஆகியவற்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். சர்வாங்காசனம், ஹலாசனம், சிரசாசனம் மூன்றும் கூடவே கூடாது. காரணம் மேலே சொன்ன கழுத்து.

வலுவுக்கு ஜிம் வேண்டாம். அவள் உட்காரும் ஸ்டூலை எடுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், அந்த உயரம் போதும். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று விழக் கூடாது. முதல் வாரம் ஐந்து முறை. நீங்கள் எதிரே இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்து கூடவே செய்யுங்கள். சொல்லிக்கொடுப்பதைவிடச் செய்து காட்டுவதுதான் இவர்களுக்குப் பிடிபடும். ஒரு கிண்ணத்தில் ஐந்து புளியங்கொட்டை வைத்து, ஒவ்வொரு முறை எழுந்ததும் ஒன்றை அடுத்த கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். கிண்ணம் காலியானால் முடிந்தது என்று அவளுக்கே தெரியும். ஸ்டூலில் பழகிய பிறகு தோப்புக்கரணம். பிள்ளையார் முன்னால் நீங்களும் அவளுமாகப் போடுங்கள். பள்ளியில் அதைத் தண்டனையாகக் கொடுக்க விடாதீர்கள், அப்புறம் வீட்டிலும் செய்ய மாட்டாள்.

கைக்கு, ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் நிரப்பி, கைக்கு ஒன்றாகக் கொடுத்து, சமையலறையிலிருந்து துளசி மாடம் வரை கொண்டுபோய் ஊற்றச் சொல்லுங்கள். கைக்கு ஒரு கிலோ ஆயிற்று. அரை பாட்டிலில் தொடங்கினாலும் சரி. படிக்கட்டில் கீழ்ப்படி ஒன்றில் மட்டும் ஏறி இறங்க வையுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். எட்டுப் படியில் மூச்சு வாங்குகிறது என்றால் நாலு படி, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி நாலு.

பாட்டுக்கு ஆடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கடிதத்திலேயே பிடித்த வரி அதுதான். அவளாக விரும்பிச் செய்யும் இதயப் பயிற்சி அது. தினமும் ஒரே நேரத்தில், பள்ளியிலிருந்து வந்து பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டு. முதலில் பாதிப் பாட்டு. அடுத்த வாரம் முழுப் பாட்டு. பிறகு இரண்டு. அப்பாவையும் பாட்டியையும் கூட நிற்க வையுங்கள். பாட்டி கை தட்டினாலே போதும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 5 முதல் 17 வயது வரை, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் சேர்த்தே, ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு கொஞ்சமாவது வேகமாகும்படியான உடலுழைப்பு வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. இந்த 60-ஐப் பார்த்து மலைக்க வேண்டாம். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று நாள் முழுதும் சிதறியிருந்தாலும் கணக்கில் சேரும். உங்கள் மகள் இப்போது பத்து நிமிடத்தில் இருக்கிறாள் என்றால் அடுத்த மாதம் இருபது போதும். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்று அதே வழிகாட்டுதலே சொல்கிறது.

அளவு தெரிந்துகொள்ள நாடித் துடிப்பு பார்க்கும் வாட்ச் எல்லாம் வாங்காதீர்கள். இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கலாம் என்பதற்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. அவர்களின் உச்சத் துடிப்பு இயல்பாகவே குறைவு. அந்த எண்ணை எட்ட வேண்டுமென்று விரட்டினால் பிள்ளை நொந்துபோகும். முகத்தைப் பாருங்கள். நெற்றி வேர்த்து, மூச்சு கொஞ்சம் வேகமாகி, ஆனாலும் சிரிக்கவும் ஒரு வார்த்தை பேசவும் முடிகிறது என்றால் அதுதான் சரியான அளவு. உதடு நீலம் பூத்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், தலைசுற்றினால், முகம் வெளிறினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தாகம் எடுக்கிறது என்று அவளாகச் சொல்ல மாட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே தண்ணீர் கொடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிறப்புப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பரிசாக பிஸ்கட்டும் சாக்லேட்டும் கொடுக்கும் பழக்கம் வீட்டிலும் இருக்கிறது, பள்ளிகளிலும் இருக்கிறது. நாளைக்குப் பத்து முறை ‘வெரிகுட்’, பத்து பிஸ்கட். இவள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியே குறைவு என்பதால் அது அப்படியே தங்கிவிடும். ஸ்டிக்கர், கைதட்டல், அவளுக்குப் பிடித்த பாட்டு என்று பரிசை மாற்றுங்கள். பள்ளியிலும் சொல்லிவிடுங்கள். தனியாக டயட் என்று பட்டினி போட வேண்டாம், வளரும் பிள்ளை.

எடை மெஷினில் அவளை அடிக்கடி ஏற்றாதீர்கள். மாதம் ஒருமுறை, அதே ஸ்டூலில், 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறாள் என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். மூச்சு வாங்காமல் எத்தனை படி ஏறினாள், எந்த வீடு வரை போனாள் என்பதையும் எழுதுங்கள். எடை குறைய மாதங்கள் ஆகும். இந்த எண்கள் அதற்கு முன்பே மாறத் தொடங்கும். அவளே குனிந்து ஷூவின் பட்டையை ஒட்டினாள் என்றால் அதையும் எழுதுங்கள், தேதி போட்டு.

இன்னும் ஒரு வருஷத்திலோ இரண்டு வருஷத்திலோ அவள் வயதுக்கு வருவாள். அப்போது பல வீடுகளில் நடப்பதை மனசு கனக்கச் சொல்கிறேன். பாதுகாப்பு என்று சொல்லி வெளியே அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள், நடையும் போய், பள்ளியும் போய், ஐந்து வருஷத்தில் முட்டி வலியோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை என்னிடம் கூட்டிவருகிறார்கள். பயம் நியாயமானது. அவள் எங்கே போனாலும் நம்பிக்கையான ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் நடை நிற்கக் கூடாது. மாதவிடாய்க்கான பேட் வைத்துப் பழகுவதை இப்போதே, விளையாட்டு போலத் தொடங்குங்கள்.

உதவி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அரசின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. சிறப்புப் பள்ளிப் பிள்ளை என்றாலும் போய்க் கேளுங்கள். மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டு மையங்களில் 18 வயது வரை பார்ப்பார்கள். தைராய்டு, கண், காது எல்லாம் ஒரே இடத்தில் கேட்டுக்கொள்ளலாம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிரமயா மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் அடங்கும்.

விளையாட்டுப் போட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-இல் அமெரிக்காவில் தன் வீட்டுப் புல்வெளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு கோடைக்கால முகாம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1968 ஜூலையில் சிகாகோவில் முதல் சிறப்பு ஒலிம்பிக்ஸ் ஆயிற்று. அமெரிக்கா, கனடாவிலிருந்து சுமார் 1,000 பேர் கலந்துகொண்டார்கள். இந்தியாவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் இதை நடத்துகிறது. எட்டு வயது முடிந்தவர்கள் போட்டியிடலாம். திறமையில் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பவர்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் போட்டி வைப்பார்கள் என்பதால், வேகமாக ஓடுபவளோடு இவளை நிறுத்த மாட்டார்கள். குறைந்த தூர நடைப் போட்டியும் உண்டு, தரையில் பந்தை உருட்டும் பொச்சே (bocce) என்ற விளையாட்டும் உண்டு. உங்கள் பள்ளி அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதக்கத்தைவிட, அவளுக்குச் சீருடை கிடைக்கும், கூட்டாளிகள் கிடைப்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை தட்டுவார்கள். இதெல்லாம் அவளுக்கு இதுவரை எத்தனை முறை நடந்திருக்கும்?

இதய மருத்துவர் எழுதிக் கொடுத்ததையும், தைராய்டு முடிவையும், நோட்டின் முதல் மாதக் கணக்கையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது மாதத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். மூன்றாவது வீட்டில் திரும்ப மறந்துவிடாதீர்கள்.